குடியிருந்துகொண்டே விரித்துக் கட்டும் வீடு: மீனின் கண் வளரும் விதம்

மீன் குழம்பில் தலைத்துண்டு கிடைத்தவர்களுக்குத் தெரியும். கண்ணைப் பிதுக்கினால் வெள்ளையாக, கெட்டியாக ஒரு உருண்டை வரும். பல்லுக்கு மசியாது, தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவோம். சின்ன வயதில் அதுதான் மீனின் கண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ். மீன் உயிரோடு இருக்கும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பது, கொதித்ததும் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துப்போகிறது. காரணமும் அதேதான்: சூட்டில் புரதம் இறுகுகிறது.

ஒரே வகை மீனில் சின்னதையும் பெரியதையும் அடுத்தடுத்த வாரம் வாங்கிச் சமைத்தால் இன்னொன்றும் கண்ணில் படும். சின்ன மீனின் உருண்டை கடுகளவு இருந்தால் பெரிய மீனின் உருண்டை பட்டாணியளவு இருக்கும். கண்குழியும் அதற்கேற்றபடி பெரிது. குறிப்பிட்ட வயதுக்குமேல் வளர்ச்சி நின்றுவிடுவது நம் வழக்கம். பெரும்பாலான மீன்களுக்கு அப்படிக் கிடையாது. வயது ஏற ஏற வேகம் குறையும், ஆனாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். உடம்போடு சேர்ந்து கண்ணும் வளர்கிறது.

சரி, கையும் காலும் வளர்வதுபோலக் கண்ணும் வளர்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கண் வேறு மாதிரிப் பொருள். அதன் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் அது வேலை செய்யும். லென்ஸுக்கும் அதன் பின்னால் உள்ள விழித்திரைக்கும் நடுவே இருக்கும் தூரம் கொஞ்சம் பிசகினாலும் காட்சி மங்கிவிடும். நம்மில் இத்தனை பேர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பது அதனால்தான். இரை தேடவும், தன்னைத் துரத்துவதிடமிருந்து தப்பிக்கவும் கண்ணை நம்பியிருக்கும் ஒரு மீன், கண்ணில் கட்டட வேலை நடக்கிறது என்று மூன்று மாதம் பார்க்காமல் இருந்துவிட முடியாது. குடியிருந்துகொண்டே வீட்டை விரித்துக் கட்டியவர்களுக்கு அந்தப் பாடு புரியும். அடுப்பும் எரிய வேண்டும், சுவரும் எழும்ப வேண்டும். மீன் அதைத் தன் கண்ணுக்குள் ஆயுள் முழுக்கச் செய்கிறது.

எப்படி என்று பார்க்கும் முன் விழித்திரையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கண்ணின் பின்சுவரில் உட்புறமாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு அது. திரை என்று பெயர் இருந்தாலும் அது நரம்புத் திசுதான். கருவில் மூளையிலிருந்து புடைத்து வந்த ஒரு துண்டு. மனிதன், தவளை, மீன் எல்லாருக்கும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. மூன்று அடுக்கு. பின்னடுக்கில் ஒளியை வாங்கும் செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல்கள். பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். நடு அடுக்கில் இருப்பவை, ஒளி வாங்கிய செல்கள் சொல்வதைக் கேட்டு, ஒப்பிட்டு, சலித்து முன்னால் அனுப்பும். முன்னடுக்கில் கேங்லியான் செல்கள். இவற்றின் நீண்ட இழைகளெல்லாம் ஒன்றுசேர்ந்துதான் பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன.

இந்த மூன்று அடுக்கையும் ஊடுருவி, தூண்கள் மாதிரி நிற்கும் இன்னொரு வகை உண்டு: முல்லர் செல்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹைன்ரிஷ் முல்லர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் இவற்றை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இவை பார்ப்பதில்லை; பார்க்கும் செல்களுக்கு ஊட்டம் தந்து, கழிவை அகற்றி, தாங்கி நிற்கின்றன. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் ஒரு கண்ணில் சுமார் 9 கோடி கோல் செல்களும், 45 லட்சத்தையொட்டிக் கூம்பு செல்களும் இருக்கின்றன. விழித்திரைக்கு வேண்டிய செல்களெல்லாம் நாம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மி.மீ.; வளர்ந்தவருக்குச் சுமார் 24 மி.மீ. இடையில் கூடிய இடத்தைப் புதிய செல்கள் நிரப்புவதில்லை. இருக்கிற விழித்திரையே இழுபட்டு விரிகிறது. கிட்டப்பார்வை கடுமையாகி கண் இன்னும் நீண்டுபோனவர்களுக்கு விழித்திரை மெலிந்து ஓரத்தில் கிழியும் ஆபத்து வருவதற்கு இதுவே காரணம்.

என் பெரியப்பாவுக்கு வயதானபின் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனது. எதிரில் நிற்பவரின் முகத்தை நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கறை. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வராது என்று மருத்துவர் தன்மையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது சரி. மனிதனின் விழித்திரையில் போன செல்லுக்கு மாற்று செல் வருவதில்லை. மீனின் கண்ணைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த நாளிலிருந்துதான்.

மீனின் விழித்திரையும் இழுபட்டு விரிவதுண்டு. ஆனால் அதோடு நிற்பதில்லை. ஒரு புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்த கோலத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் நடுவில் கை வைக்க மாட்டோம். சுற்றி இன்னொரு வரிசைப் புள்ளி வைத்து வெளிப்பக்கம் வளர்ப்போம். மீனின் விழித்திரையிலும் அதே முறைதான். ஒரு கிண்ணத்தின் உட்சுவர் மாதிரி விழித்திரை இருக்கிறது என்றால், கிண்ணத்தின் வாய் விளிம்பில், சுற்றிலும் ஒரு குறுகிய வளையமாக ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல். பிரிந்து பிரிந்து மற்ற வகைச் செல்களை உண்டாக்கும். இந்த வளையம் மூன்று அடுக்குக்கும் வேண்டிய செல்களைப் பெற்று, உட்பக்கமாக ஒட்டவைத்துக்கொண்டே தான் வெளியே நகர்கிறது. ஆகவே மீனின் விழித்திரையில் நடுவில் இருப்பது மிகப் பழையது, ஓரத்தில் இருப்பது மிகப் புதியது. மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களின் கணக்கு இங்கேயும் செல்லும்.

வரிக்குதிரை மீன் இதற்கு நல்ல உதாரணம். வண்ணமீன் கடைகளில் நீலக் கோடுகளோடு துருதுருவென்று ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் அந்த மீனை, கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்களைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன்தான் 1822-இல் முதலில் பதிவுசெய்தார். முட்டை கருவுற்று மூன்றே நாளில் அதன் விழித்திரையின் அடுக்குகள் தயாராகிவிடுகின்றன. அந்த வயதில் உருவானது, வளர்ந்த மீனின் விழித்திரையில் நடுவே ஒரு சின்ன வட்டம்தான். மீதி எல்லாம் பிறகு விளிம்பிலிருந்து சேர்ந்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பமேலா ரேமண்ட் ஜான்ஸ் செய்த வேலை இதில் முக்கியமானது. அவர் எடுத்துக்கொண்டது வளர்ந்த தங்கமீன்கள். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்ற பொருள் தேவை. லேசான கதிரியக்கம் உள்ள தைமிடினை மீனுக்குச் செலுத்தினால், அந்த நேரத்தில் பிரியத் தயாராகும் செல்கள் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். பிரியாத செல்கள் சீண்டாது. அப்புறம் விழித்திரையை மெல்லிய சீவலாக அறுத்து, மேலே புகைப்படக் குழம்பைப் பூசி இருட்டில் வைத்துவிட வேண்டும். கதிரியக்கம் இருக்கும் செல்லின் மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் விழும்.

மருந்து செலுத்திய உடனே எடுத்துப் பார்த்த கண்ணில் புள்ளிகள் விளிம்பை ஒட்டியே இருந்தன. நாள் கழித்துப் பார்த்த கண்களில், புள்ளி விழுந்த செல்கள் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளித் தெரிந்தன. அவற்றுக்கும் விளிம்புக்கும் நடுவில் புள்ளியே இல்லாத புது விழித்திரை. குறி விழுந்த செல்கள் எங்கேயும் நகரவில்லை. பிறந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. விளிம்புதான் அவற்றைத் தாண்டி வெளியே போய்விட்டது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இது. ஊரின் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர், இருபது வருடம் கழித்துப் பார்த்தால் ஊருக்கு நடுவில் இருப்பாரே, அது மாதிரி.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் யோவாஹிம் விட்பிராட்டின் குழுவில் லசாரோ சென்டனின் இதை வேறு விதமாகக் காட்டினார். ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் மெடாக்கா மீனில், விளிம்பு வளையத்தின் ஒரு சில ஸ்டெம் செல்களை மட்டும் தனி நிறத்தில் ஒளிரும்படி செய்தார்கள். நிறம் வழித்தோன்றல்களுக்கும் போகும். மீன் வளர்ந்தபின் பார்த்தால், விழித்திரையின் உட்பகுதியில் தொடங்கி ஓரம் வரை அறுபடாத கோடுகள், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரே ஸ்டெம் செல்லின் வம்சம். அந்தக் கோட்டுக்குள் விழித்திரையின் எல்லா வகை நரம்பு செல்களும் முல்லர் செல்களும் இருந்தன. ஒரு ஸ்டெம் செல் சாகாமல், சலிக்காமல், ஒரே மீனின் ஆயுள் முழுக்க வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி.

இனிதான் சிக்கலான இடம். விளிம்பில் புது செல்கள் சேர்ந்தாலும், நடுவில் உள்ள பழைய பகுதி இழுபட்டு விரிகிறது என்று சொன்னேன். பலூனில் பேனாவால் புள்ளி வைத்து ஊதினால் புள்ளிகள் விலகுவதுபோல அங்கே கூம்பு செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இதனால் பார்வையின் கூர்மை குறைய வேண்டாமா? குறைவதில்லை. கண் பெரிதாகும்போது விழித்திரையில் விழும் பிம்பமும் அதே அளவுக்குப் பெரிதாகிறது. ஒரு நீர்ப்பூச்சியின் பிம்பம் முன்பு பத்து கூம்புகளின் மேல் விழுந்தது என்று வையுங்கள். இப்போது கூம்புகள் விலகிவிட்டன, ஆனால் பிம்பமும் விரிந்துவிட்டது; பத்துக்குக் குறையாமல் அதன் கீழே இருக்கும். சொல்லப்போனால், பெரிய மீனின் பார்வை சின்ன மீனைவிடக் கூர்மையாகவே இருக்கிறது.

கோல் செல்களின் கணக்கு வேறு. அவை இருட்டுக்கானவை, அங்கே வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் தவறவிடாமல் பிடிப்பதே வேலை. மீனின் லென்ஸ் உருண்டை என்று சொன்னேன் அல்லவா? அந்த உருண்டையின் ஆரத்தைப்போலச் சுமார் இரண்டரை மடங்கு தூரத்தில்தான் காட்சி குவியும். மீன் சின்னதோ பெரியதோ, இந்த விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணித்த லுட்விக் மாத்தீசனின் பெயரால் மாத்தீசன் விகிதம் என்பார்கள். இதனால் ஒரு நல்லது: லென்ஸும் கண்ணும் ஒரே விகிதத்தில் வளரும்வரை காட்சி மங்காது. இன்னொரு விளைவும் உண்டு. பெரிய கண்ணுக்குள் அதிக ஒளி நுழைகிறது, ஆனால் அது அதே அளவு பெரிய பரப்பில் பரவிவிடுகிறது. அதாவது விழித்திரையின் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழும் ஒளி அப்போதும் இப்போதும் ஒன்றுதான். அந்த இடத்தில் கோல் செல்கள் விலகி இடைவெளி விட்டால், இடைவெளியில் விழும் ஒளி வீண். இருட்டில் மீன் கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகும்.

ஆகவே கோல் செல்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு. விளிம்பில் மட்டுமல்லாமல், விழித்திரை முழுவதும், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் செல்களுக்கு நடுவில், புதிய கோல் செல்கள் ஒவ்வொன்றாக நுழைக்கப்படுகின்றன. பந்தியில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே, சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு இலை போடுவது மாதிரி. நுழைந்தால் போதாது, நடு அடுக்கில் உள்ள செல்லோடு இணைப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். 1981-இல் ஜான்ஸும் ரஸ்ஸல் ஃபெர்னால்டும் இதை வெளியிட்டார்கள். ஃபெர்னால்ட் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மீன், ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியைச் சேர்ந்தது. அதன் ஆண்கள் எல்லைச் சண்டை போடுவதும், பெண்களைக் கவர்வதும் நிறத்தையும் அசைவையும் காட்டித்தான். பார்வையே அதன் வாழ்க்கை.

இந்தப் புதிய கோல் செல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி பல வருடம் இழுத்தது. விடை, தூண் மாதிரி நிற்கின்றன என்று சொன்னேனே, அந்த முல்லர் செல்கள். அவற்றில் சில எப்போதாவது ஒருமுறை பிரிந்து, கோல் செல்லாக மாறப்போகும் வாரிசுகளைத் தருகின்றன என்று வரிக்குதிரை மீனில் 2007-இல் காட்டியதும் அதே பமேலா ரேமண்டின் குழுதான். முதல் தங்கமீன் ஆய்விலிருந்து முப்பது வருடம்.

வீடு பெரிதானால் போதாது, புது அறைகளுக்கு மின்கம்பியும் இழுக்க வேண்டும். இந்த விஷயத்தில் என்னை அசர வைத்த பகுதி இது. மீனின் நடுமூளையில் டெக்டம் என்ற இடத்துக்குப் பார்வை நரம்பின் இழைகள் போய்ச் சேர்கின்றன. சும்மா குவியலாகப் போவதில்லை. விழித்திரையில் அடுத்தடுத்து இருக்கும் கேங்லியான் செல்கள் டெக்டத்திலும் அடுத்தடுத்தே இறங்குகின்றன; அதனால் மூளையில் காட்சியின் ஒரு வரைபடமே விரிகிறது. விழித்திரை சுற்றிலும் முழு வளையமாக வளர்கிறது. டெக்டம் அப்படி வளர்வதில்லை. பிறைநிலா மாதிரி பெரும்பாலும் பின்னோரத்தில்தான் புது செல் சேர்க்கிறது. நான்கு பக்கமும் கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கும் ஓர் அரங்கில் ஒரு பக்கம் மட்டும் நாற்காலி போட்டால் என்ன ஆகும்? யார் பக்கத்தில் யார் என்ற வரிசை கெடாமல், முன்பே உட்கார்ந்தவர்களும் எழுந்து நகர்ந்து உட்கார வேண்டும். மீனின் மூளையில் அப்படித்தான் நடக்கிறது. பழைய இழைகள் தாங்கள் போட்ட இணைப்பை விட்டு, கொஞ்சம் தள்ளிப்போய்ப் புது இணைப்பு போட்டுக்கொள்கின்றன. தங்கமீனில் அந்த இழைகளின் போக்கைத் தொடர்ந்து பார்த்து, ஸ்டீபன் ஈஸ்டரும் கிளாடியா ஸ்ட்யூர்மரும் 1984-இல் இதற்கு ஆதாரம் தந்தார்கள். இத்தனை கம்பிகள் கழற்றி மாட்டப்படும்போதும் மீன் வழக்கம்போல நீந்துகிறது, இரையைக் கொத்துகிறது.

மீன் மட்டும்தானா? தவளைக்கும் விளிம்பில் வளரும் வளையம் உண்டு. கோழிக்குஞ்சில் அதன் மிச்சம்போல ஏதோ கொஞ்சம் இருக்கிறது. பாலூட்டிகளில் கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது.

இதுவரை சொன்னது வளர்ச்சி. காயம் பட்டால் நடப்பது வேறு. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வரிக்குதிரை மீனை மிகப் பிரகாசமான வெளிச்சத்தில் நீண்ட நேரம் வைத்தால் அதன் கோல் செல்களும் கூம்பு செல்களும் அழியும். அப்போது உதவிக்கு வருவது விளிம்பு வளையம் இல்லை. அது தூரத்தில் இருக்கிறது. காயம்பட்ட இடத்திலேயே நிற்கும் முல்லர் செல்கள்தான் இரண்டொரு நாளில் விழித்துக்கொள்கின்றன. தன் வயதை மறந்து, இளம் செல்போல மாறி, பிரிகின்றன. முல்லர் செல் தான் தூணாக நின்றுகொண்டே, நரம்பு செல்லாகப்போகும் ஒரு வாரிசைத் தருகிறது. அந்த வாரிசு பெருகி, அழிந்த அடுக்குக்கு நகர்ந்து, கோலாகவோ கூம்பாகவோ மாறுகிறது. சுமார் நான்கு வாரத்தில் விழித்திரை பெரும்பாலும் மீண்டுவிடுகிறது.

முல்லர் செல் நம் கண்ணிலும் இருக்கிறது. அதே தூண், அதே இடம். நம் விழித்திரையில் காயம் பட்டாலும் அது உணர்கிறது, வீங்குகிறது, தழும்பு மாதிரி இறுகுகிறது. பிரிந்து நரம்பு செல்லைத் தருவதில்லை. மீனில் காயம் பட்டவுடன் முல்லர் செல்லுக்குள் ஏ.எஸ்.சி.எல்.1 என்ற மரபணு முடுக்கிவிடப்படுகிறது. பாலூட்டிகளில் அது உறங்கியே கிடக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரே குழுவினர் எலியின் முல்லர் செல்களில் அந்த மரபணுவைச் செயற்கையாக முடுக்கிவிட்டார்கள். இளம் எலிகளில் பலன் தெரிந்தது, வளர்ந்த எலிகளில் இல்லை. டி.என்.ஏ. சுருட்டை இளக்கும் ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ந்த எலியிலும் முல்லர் செல்லிலிருந்து நரம்பு செல்கள் பிறந்தன என்று 2017-இல் அறிவித்தார்கள். 2020-இல் வேறு சில குழுக்கள் மீன், கோழி, எலி மூன்றின் முல்லர் செல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, எலியில் அவற்றைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு மரபணுக் குடும்பத்தை அடையாளம் கண்டன. அந்தப் பிடியைத் தளர்த்தினால் எலியின் முல்லர் செல்லும் நரம்பு செல்லைத் தரத் தொடங்குகிறது.

2017-இல் பிறந்த அந்தச் செல்கள் பக்கத்துச் செல்களோடு இணைந்தன, ஒளிக்குப் பதிலும் சொல்லின. ஆனால் அவை பெரும்பாலும் நடு அடுக்கைச் சேர்ந்தவை, ஒளி வாங்கிய செல்களின் பேச்சைக் கேட்டு அனுப்புபவை. கோலும் கூம்பும் அந்த எலிகளில் வரவில்லை. பெரியப்பாவின் கண்ணில் போனவை அவைதான்.